ஒரு டிக், பதினேழு வளைவு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. இன்றும் தட்டை அறைக்குள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாதாம். இருபத்தாறு வருஷம் போடிக்கும் மூணாறுக்கும் பஸ் ஓட்டிய தவமணி டிரைவர், ஐம்பத்திரண்டு வயதில் சொந்த வீட்டில் ஒளிந்து சாப்பிடுகிறார். ரத்தினம் அண்ணி கதவுக்கு வெளியே நின்று, "என்னங்க, கொழம்பு போதுமா?" என்று கேட்பதும், உள்ளேயிருந்து பதில் வராததும் தினசரி நடக்கிறது. நான் கம்ப்யூட்டர் முன்னால் காது கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த நோட்டு, பிசியோதெரபி ஜெர்லின் மேடம் கேட்டதற்காக. பயிற்சி விவரத்தைத் தேதி போட்டு எழுதச் சொன்னார். நான் வேலை பார்க்கும் கல்லூரி லேபில் மிச்சமான ரெக்கார்டு நோட்டு ஒன்று இருந்தது. இந்தப் பேச்சிக்கு எழுத ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அது ஊரறிந்த விஷயம்.

பக்கவாதம் வந்தது ஜூலை 12, சனிக்கிழமை. வலது கை, கொஞ்சம் வலது கால். பேச்சு ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. அன்று மத்தியானம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது இந்த நோட்டுக்குத் தேவையில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ரப்பர் பந்து: இருபது முறை அமுக்க வேண்டும். மூன்று முறை அமுக்கினார். நான்காவது முறைக்குள் பந்து தெருவில் கிடந்தது.

ஆகஸ்ட் 9, சனி

ஜெர்லின் மேடம் வந்தார். நாகர்கோவில்காரர், சத்தம் போடாமல் அதட்டத் தெரிந்தவர். அண்ணன் கையை நீட்ட மாட்டேன் என்றார். "நா என்ன பச்சப்புள்ளயா, பந்து வச்சு வெளையாட?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மேடம் என்னிடம் கேட்டார்: "அவருக்குக் கையில எதப் புடிச்சா சந்தோஷமா இருக்கும்?"

"ஸ்டியரிங்க."

"அப்ப அதயே குடுங்க. கம்ப்யூட்டர்ல வண்டி ஓட்டுற கேமுக்கு ஸ்டியரிங் இருக்குல்லா? திருப்பும்போது அது எதுத்துத் தள்ளணும். அப்பதான் வெரலுக்கும் மணிக்கட்டுக்கும் வேல. மொத மூணு மாசத்துலதான் கை நல்லாத் திரும்பும், பேச்சி. அதுல ஒரு மாசம் ஏற்கெனவே போயாச்சு."

வண்டி ஓட்டும் விளையாட்டு! எனக்கா தெரியாது? எந்த விளையாட்டு என்பதுகூட அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. இந்த வீட்டில் இத்தனை நாளைக்கப்புறம் நான் செய்யக்கூடிய ஒரு வேலை வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என் கட்சியைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது. பதினான்கு வருஷமாக லினக்ஸ்தான். ஒரு முதலாளிக்குச் சொந்தமில்லாதது, எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். கல்லூரி லேபில் நாற்பது மெஷினுக்கும் நானே போட்டேன். ஆனால் விளையாட்டு செய்கிற கம்பெனிக்காரர்கள் விண்டோஸுக்குத்தான் செய்கிறார்கள். லினக்ஸுக்கென்றே செய்வது அபூர்வம். அதைத்தான் நாங்கள் நேட்டிவ் என்கிறோம்.

மற்றதையும் ஓட்ட வழி உண்டு. புரோட்டான் என்று ஒரு துபாஷி இருக்கிறது. விண்டோஸ் விளையாட்டு பேசுவதை லினக்ஸுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும். நன்றாகவே சொல்கிறதாம். சொல்லட்டுமே! துபாஷி இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் எந்தக் கம்பெனிக்காரன் மெனக்கெட்டு நம் மொழி கற்றுக்கொள்வான்? விருந்தாளி என்றால் நம் வாசல் வழியாக வரட்டும். பக்கத்து வீட்டு மாடியில் ஏறி இறங்கி வர வேண்டாம்.

மதுரையில் எங்கள் வைகை லினக்ஸ் வட்டத்துக்கு ஒரு நோட்டு உண்டு. அதன் முதல் பக்கத்தில் ஒரே வரி: "நேட்டிவ் இல்லாத விளையாட்டை வாங்க மாட்டேன், தொட மாட்டேன்." எழுதியவள் நான். முதல் கையெழுத்தும் நான். வருஷா வருஷம் செப்டம்பர் கூட்டத்தில் நான் அதை வாசிக்க, மற்றவர்கள் எழுந்து நின்று திருப்பிச் சொல்வார்கள். வெளியாள் பார்த்தால் சிரிப்பார். ஆனால் ஏழு வருஷத்தில் ஒருவர்கூட உட்கார்ந்திருந்ததில்லை.

நான் வைத்திருக்கும் விளையாட்டின் பெயர் 'ஹேர்பின்'. மலைப்பாதையில் பஸ் ஓட்ட வேண்டும். எங்கோ ஐரோப்பாவில் இரண்டே பேர் சேர்ந்து செய்தது. நேட்டிவ் பதிப்பு இருக்கிறது என்பதற்காகவே வாங்கினேன். போன மாசம் அந்த இரண்டு பேரும், "லினக்ஸில் ஆடுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர், வருகிற புகாரில் பாதி அவர்களுடையது, இனி நேட்டிவ் பதிப்பைப் புதுப்பிக்க மாட்டோம், புரோட்டானில் ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று அறிவித்தார்கள். அதற்கு எதிராக வட்டத்தின் மின்னஞ்சல் குழுவில் மூன்று பக்கம் காரசாரமாக எழுதினேன். என்றைக்கு எழுதினேன் என்பது வேண்டாம்.

ரபீக்குக்குப் போன் செய்தேன். வட்டத்தை நடத்துகிறவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஸ்டியரிங் யாரிடமாவது இருக்குமா என்று கேட்டேன்.

"எங்கிட்டயே ஒண்ணு கெடக்குக்கா. சும்மாதான் கெடக்கு. நாளைக்கே பஸ்ல ஏத்தி விடுறேன். அண்ணனுக்கில்லாததா?" என்றான்.

தங்கமான பையன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்டியரிங்கும் பெடலும் அண்ணன் டிப்போ கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தன. சும்மா கிடந்தது என்றான். கைபட்டுக் கைபட்டு ஸ்டியரிங்கின் தோல் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. யாரிடமோ பழையதாக வாங்கியிருப்பான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஹாலில் மேஜையில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பூட்டினேன். அண்ணன் அறையை விட்டு வந்து உட்கார்ந்தார்! அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். அண்ணன் இடது கையால் வலது கையைத் தூக்கி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டி எடுக்கும் முன்னால் டிரைவர்கள் செய்வது.

அப்புறம் நடந்ததை எழுதக் கூசுகிறது. ஸ்டியரிங் லேசாக, எதிர்ப்பே இல்லாமல் சுற்றியது. இம்மி திருப்பினால் பஸ் மொத்தமாகத் திரும்பிப் பள்ளத்தில் விழுந்தது. ஐந்து முறை விழுந்தது.

"பவர் ஸ்டியரிங்கா இது, பம்பரமா?" என்று அண்ணன் கேட்டார்.

நேட்டிவ் பதிப்பு பழசு. அதற்கு இந்த ஸ்டியரிங்கைச் சரியாகத் தெரியவில்லை. "ரெண்டு நாள் பொறுங்கண்ணே, சரி பண்ணிருறேன்" என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆகவில்லை. அண்ணன் காலையில் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், எழுந்து போனார். பந்து: ஒரு முறைகூட இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திருப்பும் அளவைச் சரி செய்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. இப்போது பஸ் ஒழுங்காகத் திரும்புகிறது. ஆனால் ஸ்டியரிங் எதிர்த்துத் தள்ள மாட்டேன் என்கிறது. மேடம் கேட்டதே அதைத்தான். அந்த இரண்டு பேருக்கும் விவரமாகக் கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அண்ணன், "வண்டி ரெடியா?" என்று கேட்டார். "இந்தா, ஆச்சுண்ணே" என்றேன். ஒரு வாரமாக இதே பதில்தான்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. அண்ணி ஸ்டியரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சுற்றினார். "உன் லினக்ஸு சாமிக்கும் சேத்துக் கும்பிட்டேன்" என்றார். கொழுக்கட்டை நன்றாக இருந்தது. அண்ணன் பங்கு மூன்றும் அறைக்குள் போயின.

ஆகஸ்ட் 30, சனி

அண்ணன் தன் பழைய காக்கிச் சட்டையை எடுத்து ஸ்டியரிங் மேல் போட்டு மூடிவிட்டார்.

"என்னண்ணே இது?"

"பிரேக்டவுன் வண்டிய மூடித்தான வைப்பாக. தூசி அடையாமக் கெடக்கட்டும். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத பேச்சி, உனக்கும் காலேசு வேல இருக்குல்ல."

திட்டியிருக்கலாம். பொறுமையாகச் சொன்னதுதான் ஆறவே இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெர்லின் மேடம் அண்ணனின் விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் இறுகத் தொடங்கியிருக்கின்றனவாம். "இப்பிடியே விட்டா அந்த நெலையிலயே நின்னுரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அண்ணி என்னிடம் வந்தார். பதினெட்டு வருஷத்தில் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. கல்யாணமே வேண்டாம் என்று நான் உட்கார்ந்தபோதுகூட, "அவ இஷ்டம்" என்றவர்.

"பேச்சி, நீ ஒரு நாளு ஒரு மணி நேரம் கத்துனியே, எதோ துபாஷின்னு. அதுல இந்தக் கேமு ஓடுமா?"

"ஓடும்."

"ஸ்டியரிங்கு?"

"அதும் ஓடும்."

"எம்புட்டு நாளு ஆகும்?"

பொய் சொல்லத் தோன்றியது, வரவில்லை. "ஒரு டிக் போடணும் அண்ணி" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "ஒரு டிக்கு. அதுக்காடி அந்த மனுசன் ரெண்டு வாரமா அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தாரு?" அவ்வளவுதான் கேட்டார். அழுதுகொண்டே துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 3, புதன்

லீவு போட்டேன். விளையாட்டின் அமைப்புகள் பக்கம். கீழே, 'புரோட்டானில் ஓட்டு' என்று ஒரு சின்னக் கட்டம். டிக். விண்டோஸ் பதிப்பு இறங்குவதற்கு நாற்பது நிமிஷம். காக்கிச் சட்டையை மடித்து நாற்காலியில் வைத்தேன்.

விளையாட்டு திறந்ததும் ஸ்டியரிங் தானாக ஒரு முறை இடதும் வலதுமாகச் சுற்றி நடுவில் வந்து நின்றது. சத்தம் கேட்டு அண்ணன் வாசலில் நின்றார்.

"உசுரு வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே. உக்காருங்க."

முதல் வளைவில் ஸ்டியரிங் எதிர்த்துத் தள்ளியது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையால் பிடித்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார். பஸ் சுவரில் உரசி, திரும்பி, மேலே ஏறியது. "ஏய், லோடு இருக்குடி வண்டில!" என்று என்னிடம் கத்தினார். வீட்டில் இரண்டு மாசமாகக் கேட்காத சத்தம். அண்ணி அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இருபத்தைந்து நிமிஷம் ஓட்டினார். என் வாக்கு போனது. போகட்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

விளையாடுகிறவர்களில் எவரோ போடிமெட்டுப் பாதை மாதிரியே ஒரு பாதை செய்து இணையத்தில் போட்டிருக்கிறார். புதிய பதிப்பில் மட்டும்தான் ஓடும், அதாவது துபாஷியோடு மட்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. அண்ணன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினார். "ஆறுல ஆரன் அடிக்கணும், எதுத்தாப்ல ஏலக்கா வேனு வரும்" என்றார். ஹாரன் எங்கே என்று தேடி அடித்தார். பதினேழாவது முடிந்து வண்டியை நிறுத்தியபோது உடம்பெல்லாம் வியர்வை. வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஸ்டியரிங்கை விடவில்லை.

அப்போதுதான் சொன்னேன். நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"அண்ணே, அன்னிக்கு நீங்க எங்கிட்ட வந்து கை மரத்துப்போச்சுன்னு சொன்னீங்க. தூங்குனதுல மரத்திருக்கும், சித்த உக்காருங்க, இத அனுப்பிட்டு வாரேன்னு சொன்னேன். மூணு இருபதுக்கு வந்தீங்க. நா அனுப்புனது நாலு அஞ்சுக்கு. மடல்ல நேரம் இருக்கு, தெனமும் பாக்குறேன். முக்கா மணி நேரம் அண்ணே. நா எழுந்திரிக்கவே இல்ல."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்த எழுதிக்கிட்டு இருந்த அப்பிடி?"

"இந்தக் கேமுக்குத்தான். நேட்டிவ் வேணும்னு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலில் மூக்குதான் விடைத்தது. அப்புறம் வயிறு குலுங்க ஆரம்பித்தது. பக்கவாதம் வந்த வாய், ஒரு பக்கம் கொஞ்சம் கோணிக்கொண்டே சிரித்தது.

"கிறுக்கி. கேளு. நா ரெண்டேகாலுக்குச் சாப்புடும்போதே சோறு வாய்க்குப் போகல, மடியில விழுந்துச்சு. உங்கண்ணி பாக்காம எடது கையால வழிச்சுப் போட்டேன். ஒரு மணி நேரம் மாடில போயி நின்னு கைய ஒதறிக்கிட்டு இருந்தேன். டிரைவருக்குக் கை போச்சுன்னு எவன்கிட்டச் சொல்லுவேன்? உங்கிட்ட வந்தப்பக்கூட மரத்துப்போச்சுன்னுதான சொன்னேன், விழுந்துருச்சுன்னா சொன்னேன்? நீ முக்கா மணி நேரம்னா நா ஒரு மணி நேரம். அப்பறமும் நேரத்துக்குள்ள வந்துட்டீகன்னு பெரிய டாக்டரு சொன்னாருல்ல? ஊசி போட்டாகல்ல?"

சொன்னார்தான். ஆஸ்பத்திரியில் நானும் அதைக் கேட்டேன். அது என் தாமதத்துக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

எத்தனை நேரம் அழுதேன் என்று தெரியாது. அண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலது கையால். வலிக்கவே இல்லை, அதற்கும் சேர்த்து அழுதேன்.

செப்டம்பர் 8, திங்கள்

நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஸ்டியரிங்: காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. தொட்டுக் கும்பிட வலது கை தானாகவே போகிறது. சுண்டு விரல் இளகியிருக்கிறது என்று மேடம் சொன்னார். அண்ணன் அவரையும் உட்கார வைத்து ஓட்டச் சொன்னார். இரண்டாவது வளைவிலேயே பள்ளம். "ஒங்க கைக்கும் பந்து குடுக்கணும்மா" என்றார் அண்ணன்.

சாப்பாடு மட்டும் இன்னும் அறைக்குள்தான்.

வருகிற சனிக்கிழமை வட்டத்தின் கூட்டம். வாக்கை வாசிக்க வேண்டியது நான். இரண்டு முறை ரபீக்குக்குப் போன் போட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்து, வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். ரபீக் நோட்டை என் கையில் கொடுத்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் நோட்டைத் திறக்கவில்லை.

"உக்காருங்கப்பா. இந்த வருஷம் என்னால இத வாசிக்க முடியாது. செப்டம்பர் மூணாந்தேதியில இருந்து எங்க வீட்ல புரோட்டான் ஓடுது" என்றேன். அண்ணன் கையைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வாரம் வீம்புக்கு வீணாக்கியதையும் மறைக்கவில்லை. "நேட்டிவ் வேணும்னுதான் இப்பவும் சொல்றேன். நா செஞ்ச ஸ்டியரிங் திருத்தத்த எல்லாருக்கும் பொதுவாப் போட்டுட்டேன், அந்த ரெண்டு பேரும் எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி. ஆனா தொட மாட்டேன்னு இனிமே என்னால சொல்ல முடியாது. என் பேர அடிச்சுருங்க."

வட்டம் உடைந்தது என்றே நினைத்தேன்.

ரபீக் தொண்டையைச் செருமினான். "அக்கா... அந்த ஸ்டியரிங்க நா எதுக்கு வாங்குனேன்னு நெனச்சீங்க?"

"சும்மா கெடக்குன்னு சொன்னியே?"

"உங்களுக்குப் பயந்துதான்க்கா சொன்னேன். ரெண்டு வருஷமா புரோட்டான்தான். அனுப்பிட்டு ஒரு மாசமா ஓட்ட முடியாம நா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. அப்புறம் எண்ண முடியவில்லை, எண்ணச் சொன்னேன். என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் புரோட்டான்காரர்கள். மிச்சம் மூன்று பேரும் விளையாடுவதே இல்லையாம்.

"அடப்பாவிகளா! அப்ப வருஷா வருஷம் எழுந்து நின்னு சொன்னதெல்லாம்?"

"நீங்க அம்புட்டு ஆசையா வாசிப்பீங்கக்கா" என்றான் ரபீக்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். சிரிப்புதான் வந்தது. பழைய வரியை அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதினோம்: "நேட்டிவ் வந்தால் முதலில் அதை வாங்குவேன், வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்." இதை எல்லோராலும் பொய் இல்லாமல் சொல்ல முடிந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் பதினேழு வளைவும் உரசாமல் ஏறினார். மேலே போய் ஹாரன் அடித்தார்.

மத்தியானம் அண்ணி வழக்கம்போல் தட்டை எடுத்துக்கொண்டு அறைப் பக்கம் போனார். அண்ணன் அங்கே இல்லை. ஹாலில், என் பக்கத்தில், பாயில் வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி தட்டை முன்னால் வைத்தார். ஸ்பூனையும் வைத்தார். அண்ணன் ஸ்பூனை எடுத்து என் தட்டில் போட்டார்.

வலது கையைச் சோற்றில் வைத்தார். பிசைய நேரமானது. முதல் உருண்டை பாதி வழியில் உதிர்ந்தது. நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது வாய்க்குப் போனது.

"ரத்தினம், இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

அண்ணி ஊற்றினார். விரல் இடுக்கில் வழிந்து முழங்கை வரை போனது. யாரும் துடைக்கவில்லை. அவரே நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

பந்து இனி வேண்டாம் என்று மேடத்திடம் சொல்ல வேண்டும்.